காய்ச்சலும் பாய்ச்சலும் நார்த்தொட்டிக்கு ஆகாது

மன்னார்குடியில் எங்கள் தெருவில் மாடித்தோட்டம் போட்ட வீடுகளில் பாதிக்கு மேல் இரண்டாவது கோடையைத் தாண்டவில்லை. கேட்டால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "தண்ணீர் தவறாமல் ஊற்றினோம், உரமும் போட்டோம், செடி நிற்கவில்லை." இதில் வேடிக்கை என்னவென்றால், இவர்களில் யாரும் தண்ணீர் வைக்கத் தெரியாதவர்கள் அல்லர். பாமணி ஆற்றுப் பாசனத்தில் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்த குடும்பங்கள். வயலில் கற்றதை அப்படியே மாடிக்குக் கொண்டுவந்தார்கள். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும். கட்டிய தண்ணீர் சுண்டி, மண்ணில் மயிரிழை வெடிப்பு கண்ட பிறகுதான் அடுத்த தண்ணீர். வயலுக்கு இதைவிடச் சிறந்த விதி இல்லை. கோகோபீட், அதாவது தென்னை நார்த்தூள் (சுருக்கமாக நார் என்றே சொல்கிறேன்), நிரப்பிய தொட்டியிலோ இதே விதி செடியைக் கொல்கிறது.

வயலுக்கு இன்னொரு விதியும் உண்டு. ஒருபுறம் பாசன வாய்க்கால் என்றால் மறுபுறம் வடிகால். வடிகால் தூர்ந்த நிலத்தில் உப்புப் பூக்கும் என்பது, வாய்க்கால் முடியும் இடத்தில் பயிர் செய்யும் கடைமடைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாடிப்படி ஏறும்போது நம்மவர்கள் முதல் விதியைத் தூக்கிக்கொண்டு போய், இரண்டாவதைக் கீழேயே விட்டுவிடுகிறார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு. நார்த்தொட்டியைக் காயவிடக் கூடாது. ஆனால் வடியவிட வேண்டும். நான் இத்தனை ஆண்டுகளில் மாடியில் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். மீதியெல்லாம் அதைச் செய்யும் விதம்.

களிமண்ணை விட்டு ஏன் நாருக்கு வந்தேன் என்றால் முதல் காரணம் எடை. எங்கள் வயல் மண்ணை ஈரத்தோடு ஒரு பையில் நிரப்பி மாடியில் வைத்தால், தளத்தைக் கட்டிய கொத்தனார் பார்த்துவிடக் கூடாதே என்று இருக்கும். நனைந்த நார் அதில் பாதி எடை வந்தால் அதிகம். இரண்டாவது காரணம் காற்று. டெல்டாக் களி வயலில் உழவோடும் சேற்றோடும் நன்றாக இருக்கிறது. தொட்டிக்குள் அடைத்தால் மேலே தண்ணீர் நிற்கும், கீழே வேர் மூச்சுத் திணறும், வெயிலில் தொட்டியின் ஓரத்தை விட்டு விலகிச் சுருங்கும். அந்த இடைவெளி வழியாக ஊற்றிய நீரெல்லாம் ஓடிவிடும். நார் தன் எடையைப் போல எட்டு மடங்கு நீரைப் பிடித்துக்கொண்டும், உள்ளே காற்றுக்கும் இடம் வைத்திருக்கும்.

பொருளும் அந்நியமானதல்ல. மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-இல் வந்த கல்லணைக் கால்வாய், எங்கள் பேச்சில் புது ஆறு, பட்டுக்கோட்டைப் பக்கம் பாய்கிறது. அங்கிருந்து பேராவூரணி வரை தென்னந்தோப்புகள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் சாய்த்தது போக, மிஞ்சியவையும் பிறகு நட்டவையும் இப்போது காய்க்கின்றன. மட்டையிலிருந்து நாரைப் பிரித்தபின் உதிரும் தூள், ஆலைகளின் பின்னால் செம்பழுப்பு மேடுகளாகக் கிடக்கும். ஒரு காலத்தில் தொல்லை என்று கருதப்பட்ட அந்தத் தூளைத்தான் இன்று அழுத்திக் கட்டியாக்கிக் கப்பலேற்றுகிறார்கள்.

கடையில் கிடைக்கும் 5 கிலோ கட்டி ஊறினால் ஏறக்குறைய 70 லிட்டர் வரும். 650 கிராம் கட்டி 8 லிட்டருக்குச் சற்று மேலே. ஆலையில் உதிரியாக வாங்கினால் மலிவு. ஆனால் உதிரியில் இரண்டு சிக்கல். ஒன்று, பச்சைத் தூள். அதில் கரிமம், தழைச்சத்து விகிதம் 112-க்கு 1 என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் குறிப்பிடுகிறது. அதாவது அதைச் சிதைக்க வரும் நுண்ணுயிர்கள் நீங்கள் செடிக்கு ஊற்றும் தழைச்சத்தை முதலில் தாங்கள் எடுத்துக்கொள்ளும். செடி வெளிறி நிற்கும். சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காக இட்டு மக்கவைக்கும் முறையை அதே பல்கலைக்கழகம் கொடுத்திருக்கிறது. மக்கிய பிறகு விகிதம் 24-க்கு 1 ஆகிறது. வீட்டளவில் அதைச் செய்யப் பொறுமை இல்லாதவர்கள், ஒரு ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்து கருத்த பழைய மேட்டிலிருந்து கேட்டு வாங்குங்கள். ஆலைக்காரர் சிரிப்பார். புதுச்சரக்கைத்தான் எல்லோரும் கேட்பார்களாம்.

இரண்டாவது சிக்கல் உப்பு. இது கட்டிக்கும் பொருந்தும். தென்னை உப்பை விரும்பும் மரம். மட்டையில் பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் இயல்பாகவே உண்டு. "கழுவியது" என்று உறையில் அச்சடித்திருப்பதை நான் நம்புவதில்லை. ஆர்.ஓ. எந்திரத்தைச் சரிபார்க்க வருபவர் சட்டைப்பையில் செருகி வைத்திருப்பாரே, நீரில் கரைந்த உப்பை அளக்கும் அந்த டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான். மாடித்தோட்டத்துக்காக நான் வாங்கியவற்றில் உருப்படியான பொருள் அதுதான். ஊறிய நார் ஒரு பங்கு, மழைநீர் ஒன்றரைப் பங்கு. கலக்கி, அரை மணி நேரம் விட்டு, வடிகட்டி மீட்டரை வையுங்கள். 250 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு 250 மில்லிகிராம் உப்பு) இருந்தால் நல்ல சரக்கு. ஆயிரத்தைத் தாண்டினால் கழுவாமல் விதை போடாதீர்கள். (மீட்டர்களுக்குள் ஒரு குழப்பம் இருக்கிறது: பெரும்பாலானவை இசி (நீரின் மின்கடத்தும் திறன்) 1 என்பதை 500 பிபிஎம் என்று காட்டும், சில 700 என்று காட்டும். நான் சொல்லும் எண்கள் எல்லாம் 500 கணக்கில்.)

கழுவுவதற்கு ஒரு எல்லை உண்டு. வெறும் நீர் ஊற்றினால் கரைந்திருக்கும் உப்புத்தான் வெளியேறும். நாரின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் அசையாது. செடி வைத்த பிறகு நீங்கள் கொடுக்கும் கால்சியத்தை நார் பிடித்துக்கொண்டு, பதிலுக்கு அவற்றை வெளியே விடும். கால்சியம் கொடுத்தும் செடியில் கால்சியக் குறை தெரிவதன் மர்மம் இதுதான். அதனால் நடுவதற்கு முன்பே நாரின் பசியைத் தீர்த்துவிட வேண்டும். 5 கிலோ கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டை, கட்டி முழுதும் ஊறும் அளவு நீரில் கரைத்து ஒரு நாள் ஊறவைக்கிறேன். மறுநாள் வடித்து, நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசினால் போதும். திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வாழைக்குச் சொட்டுநீரில் உரம் விடுகிறவர்கள் வாங்கும் அதே கால்சியம் நைட்ரேட்தான். உரக்கடையில் கேட்டால் கிடைக்கும். வடித்த பழுப்பு நீரைச் சாக்கடையில் ஊற்ற மனம் வராது. அதில் பொட்டாசியமும் தழைச்சத்தும் இருக்கிறது. எங்கள் வீட்டில் அது கொல்லைத் தென்னைக்குப் போகிறது. தென்னையிலிருந்து வந்த உப்புத் தென்னைக்கே.

இனி தண்ணீர். மாடிக்கு எனக்கு மூன்று வகை நீர் கிடைக்கிறது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் 700 பிபிஎம் சுற்றி இருக்கும். ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கொஞ்சம் இறங்கும், சித்திரை வைகாசியில் ஏறும். குழாயில் வரும் குடிநீர் 250. மழைநீர் 30-ஐத் தாண்டாது. வேதாரண்யம் பக்கம் கட்டிக்கொடுத்த தங்கை வீட்டில் கிணற்று நீர் 1,800.

இந்த எண்களை ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். 700 பிபிஎம் என்றால் ஒரு லிட்டரில் 0.7 கிராம் உப்பு. காய்க்கும் தக்காளிச் செடி ஒன்று கோடையில் நாளைக்கு 2 லிட்டர் நீர் எடுக்கும். நீரை இலை வழியாக ஆவியாக்கிவிடும். உப்பை ஆவியாக்க முடியாது. நாளைக்கு 1.4 கிராம், மாதத்துக்கு 42 கிராம். கால்சியம், மக்னீசியம் என்று கொஞ்சத்தைச் செடி எடுத்துக்கொள்ளும். மீதி 15 லிட்டர் பைக்குள்ளேயே தங்கும். நீங்கள் போடும் உரத்தை இன்னும் இதில் சேர்க்கவே இல்லை. "வீணாகாமல் அளவாக ஊற்றுகிறேன்" என்று பெருமையோடு சொல்லும் சிக்கனக்காரர்களின் தொட்டிகள்தான் முதலில் போகின்றன. கீழே ஒரு சொட்டும் வடியாத தொட்டி, வடிகால் தூர்ந்த கடைமடை வயல்.

எனவே ஒவ்வொரு முறையும், அல்லது குறைந்தது நாளுக்கு ஒரு முறை, ஊற்றியதில் பத்தில் ஒரு பங்காவது கீழே வடிய வேண்டும். வெயில் காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பைகளை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் ஒரு தட்டு. வடிந்த நீரைத் தட்டிலேயே விட்டால் நார் அதை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும், வடித்ததற்கே பொருள் இல்லாமல் போகும். மாடியில் வீட்டார் துவைத்த துணியில் பழுப்புக் கறை படிகிறது என்று சண்டை வரும். எங்கள் வீட்டிலும் வந்தது. கொடியை எதிர்ப்பக்கம் மாற்றிக் கட்டிய பிறகுதான் அமைதி.

வாரம் ஒரு முறை, ஏதாவது இரண்டு மூன்று பைகளில், ஊற்றும் நீரையும் வடியும் நீரையும் மீட்டரில் பாருங்கள். ஊற்றுவது 900, வடிவது 1,000, 1,100 என்றால் எல்லாம் சரி. வடிவது 1,500-ஐத் தொட்டால் உள்ளே உப்புச் சேர்கிறது. அன்று உரத்தைப் பாதி வலுவாக்கி, பையின் கொள்ளளவுக்குச் சமமான நீரை மெதுவாக ஊற்றி வடித்துவிடுங்கள். இதற்கு வெறும் தண்ணீர் வேண்டாம். வெறும் நீர் கால்சியத்தையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும். வடிவது ஊற்றுவதைவிடக் குறைவாக இருந்தால், ஊற்றுவது 900, வடிவது 700 என்பது போல, செடிக்குப் பசி; உரத்தைக் கூட்டலாம். இலையைப் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே தட்டு சொல்லிவிடுகிறது. இலையில் தெரியும்போது சேதம் நடந்து பத்து நாள் ஆகியிருக்கும்.

எப்போது ஊற்றுவது என்பதில் கண் ஏமாற்றும். நாரின் மேற்புறம் வெயிலில் வெளிர் பழுப்பாகி, பொருபொருவென்று காய்ந்ததுபோல் இருக்கும். இரண்டு விரற்கடை தோண்டினால் கீழே ஈரம் சொட்டும். புதிதாக வருபவர்கள் மேலே பார்த்து ஊற்றி நாற்றை அழுகவைப்பார்கள். வயலறிந்தவர்களோ இதற்கு எதிர்ப்பக்கம் போவார்கள். என் அண்ணன் ஒரு மாசியில் மாடிக்கு வந்து, கத்தரிப் பைகளைப் பார்த்துவிட்டு, "தம்பி, நாளைக்கு மூன்று தடவை தண்ணீர் காட்டினால் வேர் எப்படி ஆழம் தேடும்? இரண்டு நாள் காயப்போடு, தானே இறங்கும்" என்றார். வயலுக்கு அவர் சொல்வது சரி. அங்கே வேருக்கு இறங்குவதற்கு இடம் இருக்கிறது. பையில் ஒரு அடிக்குக் கீழே பிளாஸ்டிக்தான். காயும்போது நீர் மட்டும் குறைகிறது, உப்பு அப்படியே இருக்கிறது. நீர் பாதியானால் உப்பின் கடுமை இரு மடங்கு. 1,000 பிபிஎம்மில் சுகமாக இருந்த வேர் மாலைக்குள் 2,000-இல் நிற்கிறது. இலை விளிம்பு கருகுகிறது. அதைத் தாகம் என்று நினைத்து, மறுநாள் இன்னும் வலுவான உரநீரை ஊற்றுகிறவர்களும் உண்டு.

அண்ணனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். காலையில் ஊற்றி வடிந்த பையைத் தூக்கிப் பாருங்கள்; மதியம் மறுபடி தூக்குங்கள். கைக்கு எடை நன்றாகத் தெரியும். நெல் மூட்டையைத் தூக்கியே எடை சொல்கிற கை அவருக்கு. முழுதும் நனைந்த எடையில் மூன்றில் ஒரு பங்கு குறைவதற்கு முன்பே அடுத்த தண்ணீர் என்பது என் வழக்கம். தை மாதத்தில் இது நாளுக்கு ஒரு முறை, பங்குனியில் இரண்டு, அக்னி நட்சத்திர நாட்களில் காய்க்கும் தக்காளிக்கு மூன்று, சில நாள் நான்கு. நாற்று வைத்த முதல் வாரங்களில் பெரிய பையில் சிறு செடி என்றால் இரண்டு நாளுக்கு ஒரு முறைகூடப் போதும். எண்ணைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், எடையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தக்காளியின் அடிப்பகுதி கறுத்துக் குழிவது பற்றி ஒரு சொல். உரக்கடையில் கேட்டால் உடனே கால்சியம் தெளிப்பு ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். குறை கால்சியம்தான், ஆனால் பெரும்பாலும் நாரில் இல்லாததால் அல்ல, காய்க்குப் போய்ச் சேராததால். கால்சியம் நீரோடு சேர்ந்துதான் மேலே ஏறும். மதியம் ஒரு தண்ணீர் தவறினால் அன்று காய்க்குப் பங்கு இல்லை. இலைதான் முதலில் இழுத்துக்கொள்ளும். எங்கள் மாடியில் மதியத் தண்ணீரை நேரக்கருவி வைத்த சொட்டுக் குழாய்க்கு மாற்றிய பிறகு இந்தக் கறுப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது; தெளிப்பு எதுவும் அடிக்கவில்லை. சொட்டுவாயில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். அதற்கு மளிகைக் கடை எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊறவைத்தால் போதும்.

உரம். நாரில் சொந்தச் சத்து என்று எதுவும் இல்லை, கொஞ்சம் பொட்டாசியத்தைத் தவிர. ஆகவே தண்ணீர் ஊற்றுவதும் உரம் போடுவதும் இங்கே ஒரே வேலை. மாதம் ஒரு முறை ஒரு கைப்பிடி என்பது மண்ணுக்கான பழக்கம். இங்கே ஒவ்வொரு தண்ணீரிலும் கொஞ்சம் இருக்க வேண்டும். காய்கறிக்கு நான் கலப்பது, 10 லிட்டர் குடிநீருக்கு: கால்சியம் நைட்ரேட் 6 கிராம், 13:0:45 உரம் (பொட்டாசியம் நைட்ரேட்) 3 கிராம், 0:52:34 உரம் (பொட்டாசியம் பாஸ்பேட்) 2 கிராம், மக்னீசியம் சல்பேட் 4 கிராம், நுண்ணூட்டக் கலவை அதன் உறையில் சொன்ன அளவில். 250 பிபிஎம் குடிநீரில் இது 1,000 அளவுக்கு வரும். பூத்துக் காய்க்கும் தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு இது போதும். கீரைக்கும் நாற்றுக்கும் இதில் பாதி. குழித்தட்டில் முளைக்கும் விதைக்கு முதல் உண்மை இலை வரும்வரை எதுவும் வேண்டாம். அதன்பின் கால் பங்கு.

இதே கலவையைக் கிணற்று நீரில் போட்டால் 1,450 ஆகிவிடும். கோடையில் அது அதிகம். கிணற்று நீர்தான் கதி என்றால் எல்லாவற்றையும் பாதியாக்கி, மக்னீசியத்தைக் கைவிடலாம். கடின நீரில் கால்சியமும் மக்னீசியமும் ஏற்கெனவே இருக்கின்றன. சோடியம்தான் எதற்கும் உதவாத விருந்தாளி.

நான்கையும் ஒரே புட்டியில் அடர்த்தியாகக் கரைத்து வைக்கக் கூடாது. கால்சியமும் பாஸ்பேட்டும் சந்தித்தால் வெண்மையாகத் திரிந்து அடியில் படியும். சல்பேட்டோடு சேர்ந்தால் ஜிப்சம். இரண்டும் செடிக்குக் கிடைக்காது, சொட்டுவாயை மட்டும் அடைக்கும். கால்சியம் நைட்ரேட் ஒரு புட்டி, மற்றவை இன்னொரு புட்டி. ஊற்றும் வாளியில் நீர் நிரப்பிய பிறகு ஒன்றை விட்டுக் கலக்கி, பிறகு மற்றதை விடுங்கள்.

19:19:19 ஒன்றே போதாதா என்று கேட்பார்கள். அதில் கால்சியமும் இல்லை, மக்னீசியமும் இல்லை. மேலும் அதன் தழைச்சத்தில் பெரும்பகுதி யூரியாவாக வரும். யூரியா மின்சாரத்தைக் கடத்தாது, மீட்டரில் தெரியாது. நீங்கள் கூடுதலாக ஊற்றியும் எண் குறைவாகக் காட்டும். பழகாத கைக்கு அது ஆபத்து. மண் தொட்டிக்கு நல்ல உரம், நாருக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

"நம்மாழ்வார் பிறந்த தஞ்சை மண்ணில் இருந்துகொண்டு உப்பு உரத்தைப் பற்றி இப்படிப் பேசுகிறீர்களே" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டிருக்கிறார். அவர் கேட்பதில் நியாயம் உண்டு. இளங்காட்டில் பிறந்து, 2013-இன் கடைசியில் பட்டுக்கோட்டைப் பக்கம் பிச்சினிக்காட்டில் கண்மூடிய அந்த இயற்கை வேளாண்மைப் பெரியவர் பேசியது உயிருள்ள மண்ணைப் பற்றி. பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் அப்படிப்பட்ட மண்ணில் வேலை செய்கின்றன, அவற்றை உடைத்துச் செடிக்குக் கொடுக்க அங்கே கோடிக்கணக்கில் உயிர்கள் இருக்கின்றன. கழுவிய வெறும் நாரில் அந்தக் கூட்டம் இல்லை. வெறும் நாரில் பஞ்சகவ்யம் மட்டும் ஊற்றி வளர்த்த தக்காளியை நான் பல மாடிகளில் பார்த்திருக்கிறேன். எல்லாமே மெலிந்து வெளிறியவை. இயற்கை வழிதான் வேண்டும் என்றால் மூன்றில் ஒரு பங்காவது மண்புழு உரம், கொஞ்சம் வயல் மண், கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு கலந்த நாரில் வையுங்கள். அது வேறு ஆட்டம்; அங்கே தினமும் உரநீர் வேண்டாம், மீட்டருக்கும் அவ்வளவு வேலை இல்லை. அக்கா அப்படித்தான் அரைக்கீரையும் சிறுகீரையும் எடுக்கிறார். அவர் கீரை என் கீரையைவிட ருசி என்று என் வீட்டிலேயே சொல்கிறார்கள். தக்காளியில் மட்டும் அவர் என் பக்கம் வருவதில்லை.

இலையைப் படிப்பது பற்றிச் சுருக்கமாக. புதுத்துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. நம் கிணற்று நீரின் காரத்தன்மையால் வருவது. சாதாரண இடிடிஏ (EDTA) வகை இரும்பு உரம் காரத்தில் நிலைக்காது, இடிடிஎச்ஏ (EDDHA) என்று கேட்டு வாங்குங்கள், செம்பருத்திச் சாறு போல் சிவப்பாகக் கரையும். கீழ் இலைகளில் நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் என்றால் மக்னீசியம். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் சிலந்திப்பேன்; அதற்கு உரத்தைத் தேடாதீர்கள், இலையைத் திருப்பி உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

வேதாரண்யத்துத் தங்கையின் கதை வேறு. அதே கட்டி, அதே விதை, அதே கலவை. 1,800 பிபிஎம் நீரில் அவள் கத்தரி முழங்கால் உயரத்திலேயே நின்றது. எவ்வளவு வடித்தாலும் உள்ளே போகும் நீரே உப்பு என்றால் வடிகால் என்ன செய்யும்? கொள்ளிடத்துக் கூட்டுக் குடிநீர் குடிக்கவே அளவாகத்தான் வருகிறது. அவளுக்கு மிஞ்சியது மாடி. 1,000 சதுர அடித் தளத்தில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் நீர். இரண்டு பெரிய தொட்டிகளில் பிடித்து, கிணற்று நீர் ஒரு பங்குக்கு மழைநீர் மூன்று பங்கு என்று கலந்து, தை முதல் பங்குனி வரை ஓட்டுகிறாள். அதன்பின் உப்பைத் தாங்கும் பீட்ரூட்டும் கொத்தவரையும் மட்டும். பீன்ஸ், கேரட், வெங்காயம் எல்லாம் அந்த நீருக்கு ஆகவே ஆகாது. "அண்ணா, உப்பளத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு உனக்குத் தக்காளி கேட்கிறதா என்று என் மாமியார் சிரிக்கிறார்" என்பாள். மாசி மாதத்தில் அந்த மாமியார்தான் பறிக்கிறார்.

மழைக்காலம் வந்தால் கணக்கு தலைகீழ். ஐப்பசி கார்த்திகையில் வானம் திறந்தபடி இருக்கும் பைகளில் மழை எல்லா உரத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும். மூன்று நாள் அடைமழைக்குப் பின் வடிநீர் 100 பிபிஎம் காட்டும். நார் நிறைய ஈரம் இருக்கிறதே என்று சும்மா விட்டால் செடி ஒரே வாரத்தில் வெளிறும். மழை ஓய்ந்த அன்றே, ஈரம் இருந்தாலும், அரை லிட்டர் முழு வலு உரநீரைக் கொடுங்கள். அது உள்ளே இருக்கும் வெறும் நீரைத் தள்ளிக்கொண்டு இறங்கும். கால்சியமும் கழுவிக்கொண்டு போயிருக்கும் என்பதால் அந்த முதல் ஊற்றில் கால்சியம் நைட்ரேட்டை மட்டும் ஒன்றரை மடங்காக்குகிறேன். புயல் எச்சரிக்கை வந்தால் பைகளைச் சுவரோரம் நெருக்கி வைத்துக் கயிறு கட்ட வேண்டும். நனைந்த நாருக்கு எடை குறைவு என்பது அன்று வசதி அல்ல.

ஒரே நாரை எத்தனை போகம் வைக்கலாம் என்பது அடிக்கடி வரும் கேள்வி. நான் மூன்று போகம் எடுக்கிறேன். செடியைப் பிடுங்கியதும் தடித்த வேர்களை மட்டும் எடுத்துவிட்டு, நன்றாக நீர் விட்டு வடித்து, மறுபடி கால்சியக் குளியல், இந்த முறை பாதி அளவு. தக்காளி இருந்த பையில் அடுத்து கத்தரியோ மிளகாயோ வேண்டாம். ஒரே குடும்பம், வேர் நோய் தொடரும். வெண்டை, கொத்தவரை, கீரை வைக்கலாம். வாடல் நோயில் செத்த செடியின் நார் திரும்பவும் தொட்டிக்கே வரக் கூடாது.

மூன்றாம் போகத்துக்குப் பிறகு நார் மாவாகிவிடும், காற்று நிற்காது. அப்போது அது கொல்லைக் களிமண்ணுக்குப் போகிறது. வாழைக்குழியில் இரண்டு கூடை கலந்தால் கோடையில் அந்த இடத்தில் மண்வெட்டி இறங்குகிறது. கொட்டுவதற்கு முன் அதையும் ஒரு முறை மீட்டரில் பாருங்கள். வடிநீர் 500-க்கு மேல் காட்டினால் முற்றத்தில் பரப்பி ஒரு மழை பட விட்டுவிட்டுப் பிறகு குழிக்கு எடுத்துப்போகலாம்.